காட்டிய ஓட்டு செல்லாது

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், நாலு என்ன, நாற்பது சொல்வேன். அத்தனையும் நிஜமாக இருக்கும். அதனால்தான் எனக்கு வயிறு எரிகிறது. கெட்டவளாக இருந்திருந்தால் வாய் வலிக்கத் திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஊரில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். மில் குடியிருப்பின் சுகாதார நிலையத்தில் நர்ஸ். எங்கள் தெருக்களில் அவள் ஊசி படாத கை கிடையாது. மற்ற நர்சுகள் குழந்தையிடம் "வலிக்காது கண்ணு" என்பார்கள். இவள் சொல்லமாட்டாள். "வலிக்கும். ஒரு நிமிஷம்தான், அப்புறம் போயிடும்" என்பாள். குழந்தைகளும் அவளிடம் அடங்கித்தான் நிற்கும். அம்மாக்கள்தான் அழுவார்கள்.

கல்யாணம் ஆனவள்தான். புருஷன் லாரி ஓட்டினான். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு லோடு கொண்டுபோனவன் அங்கேயே இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டான். "போனான், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு சுகாதார நிலையத்தின் பின்னால் இருந்த ஒற்றை அறைக் குவார்ட்டர்சுக்குக் குடிவந்துவிட்டாள். அதன் பிறகு அவளுக்கு உறவென்றால் தம்பி ஒருத்தன்தான். அந்தத் தம்பிதான் என் வீட்டுக்காரர்.

எனக்கு ஆயத்த ஆடை கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையைப் புரட்டிப் பார்த்துக் குற்றம் சொல்ல வேண்டும். குற்றம் கண்டுபிடிப்பது எனக்குச் சம்பளத்தோடு வந்த பழக்கம். நாத்தனாரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமான புதிதில் இந்த அண்ணியிடமும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒரு நூல் பிசிறு கிடைக்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பெரியவரின் ஆட்சி எப்படி இருந்தது என்று இப்போது ஆளுக்கு ஒன்று எழுதுகிறார்கள். நான் பிறந்தபோதும் அவர்தான், எனக்கு நரை விழுந்தபோதும் அவர்தான். தேர்தல் நடக்காமல் இருந்ததில்லை. தவறாமல் நடந்தது. ஓட்டுச்சீட்டில் ஒரே பெயர் இருக்கும், பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். மறைவுக்குத் திரையும் கட்டியிருப்பார்கள். ஆனால் திரைக்குப் பின்னால் கொஞ்சம் தாமதித்தால் "உள்ள என்ன, சமையலா நடக்குது?" என்று குரல் வரும். குத்திய சீட்டை விரித்தபடியே பெட்டி மேஜைக்குக் கொண்டுவர வேண்டும். மேஜையில் இருப்பவர் பார்த்துத் தலையாட்டினால் மடித்துப் பெட்டியில் போடலாம். 'இல்லை'யில் குத்தியிருந்தால் மேஜையில் இருப்பவர் லேசாக இருமுவார். வாசலில் நிற்கிற ஆள் உள்ளே வருவான். அதற்குப் பிறகு நடப்பதை யாரும் வீட்டில்கூடப் பேசமாட்டோம்.

எங்கள் சாவடியின் மேஜையில் எப்போதும் ஊசியக்காதான். சர்க்கார் உத்தியோகம், நல்ல பெயர், எல்லோரையும் முகம் தெரியும் என்று அவளையே போட்டார்கள். அத்தனை தேர்தலிலும் அவள் ஒரு தடவைகூட இருமியதில்லை. சளி பிடித்திருந்தால் பல்லைக் கடித்து அடக்கிக்கொள்வாள். ஆம் என்று காட்டினாலும் தலையாட்டுவாள், இல்லை என்று காட்டினாலும் அதே தலையாட்டுதான். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தேர்தலிலும் 'இல்லை'யில் குத்தி அக்காவின் மூக்குக்கு நேராக நீட்டுவார். அவள் தலையாட்டி, "மடிச்சுப் போடுப்பா, வரிசை நிக்குது" என்பாள். மேலே எண்ணும் இடத்தில் எப்படியும் எல்லாம் 'ஆம்' ஆகிவிடும், அது வேறு சமாச்சாரம். ஆனால் மில் குடியிருப்பு ஜனங்களுக்கு அந்தத் தலையாட்டு பெரிய தைரியம். ஊசியக்கா பார்த்துவிட்டாள் என்றால் ஒன்றும் ஆகாது என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் பிற்பாடு எங்கள் தலையில் இடியாக விழுந்தது.

என் வீட்டுக்காரர் மில்லில் பாய்லர் ஆபரேட்டர். ஒரு நாள் பாய்லர் வெடித்து ஆட்கள் செத்தார்கள். பழைய பாய்லர், அழுத்தம் தாங்காது என்று அவர் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். செத்தவர்களைத் தூக்கிப் போகும் வழியில் மில் வாசலில் நின்று "இதுக்குப் பெரியவர் பதில் சொல்லணும்" என்று சத்தம் போட்டார். அவ்வளவுதான். கலகம் தூண்டினார் என்று வழக்குப் போட்டு உள்ளே தள்ளினார்கள். வருஷக்கணக்காக நானும் அண்ணியும் மாற்றி மாற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

பிறகு ஒரு நாள் காலையில் பெரியவர் டிவியில் வந்தார். உடல்நிலை சரியில்லை, விடைபெறுகிறேன் என்றார். விமானம் ஏறினார், திரும்பவில்லை. ஊரே வெடி போட்டுக் கொண்டாடும் என்று பார்த்தால் எல்லோரும் கடைக்கு ஓடி அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கி வைத்தார்கள். அடுத்த வீட்டுக்காரி என்னிடம், "இனிமே யாரைத் திட்டறது?" என்று கவலையோடு கேட்டாள். அந்தக் கவலையே அவளுக்குத் தேவையில்லாமல் போனது. பெரியவரின் மருமகன் இங்கேதான் இருந்தார், கட்சியும் இங்கேதான் இருந்தது, கட்சிக்காரர்களின் கடைகளும் திறந்தேதான் இருந்தன.

நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்தார்கள். உண்மையான தேர்தல், பல கட்சி, ரகசிய ஓட்டு என்றார்கள். ஜெயிலில் இருந்தவர்களை ஜாமீனில் விட்டார்கள். என் வீட்டுக்காரர் எலும்பும் தோலுமாக வந்தார். வந்தவர் சோறு தின்று தேறுவதற்குள், எங்கள் தொகுதியில் மருமகனை எதிர்த்து நிற்கப்போவதாகச் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏங்க, உங்களுக்கு இன்னும் சூடு ஆறலையா?" என்றேன்.

"வழக்கு அப்படியேதான் இருக்கு" என்றார். "ஜாமீன் தேர்தல் முடிவு வர்ற வரைக்கும்தான். ஜெயிச்சா சபை அனுமதி இல்லாம என்மேல கை வைக்க முடியாது. தோத்தா திரும்ப உள்ளதான். நிக்காட்டியும் உள்ளதான். அப்ப நின்னுதான் பாப்போமே."

ஆக, அது எனக்கு நாட்டின் தேர்தல் இல்லை. என் புருஷன் வீட்டில் இருப்பாரா, ஜெயிலில் இருப்பாரா என்பதற்கான தேர்தல். நாடு எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்றுதான் நான் தெருத் தெருவாக ஓட்டுக் கேட்கப் போனேன்.

மில் குடியிருப்பு முழுக்க எங்கள் பக்கம். நகரத்துப் பக்கம் பாதிக்குப் பாதி இழுபறி. குடியிருப்புச் சாவடி முழுசாக விழுந்தால் கரையேறிவிடலாம் என்று கணக்குப் போட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

சாவடி அதிகாரியாக மறுபடி ஊசியக்காவைப் போட்டார்கள். அவள் நேராகத் தேர்தல் அலுவலகத்துக்குப் போய், "என் தம்பி நிக்கிறான். என்னைப் போடாதீங்க, நல்லா இருக்காது" என்றாள். அலுவலகத்தில் எல்லாக் கட்சிக்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள். எதிர்ப்பு வரும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அப்போது மருந்துக்கடைக்காரர் எழுந்தார். பெரியவர் கட்சியின் உள்ளூர் தலை அவர்தான், சுகாதார நிலையத்துக்கு எதிரே கடை வைத்திருக்கிறார்.

"தம்பி நின்னா என்ன? ஊசியக்காவை நம்பலைன்னா இந்த ஊர்ல வேற யாரை நம்பறது? எங்க கட்சிக்கு ஆட்சேபம் கிடையாது. அவங்கதான் இருக்கணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். என் வீட்டுக்காரரும் தட்டினார். எனக்கே உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் கடையில் ஒரு தலைவலி மாத்திரை வாங்கினாலும் காலாவதி தேதி பார்த்துத்தான் வாங்குவேன். அன்று அவர் பேச்சை மட்டும் அப்படியே வாங்கிக்கொண்டு வந்தேன்.

அண்ணி பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தாள். புது விதிகளில் ஒன்று: குத்திய சீட்டை யாரிடமாவது விரித்துக் காட்டினால் அந்த ஓட்டு செல்லாது. ரகசியத்தைக் காப்பாற்றத்தான் விதி. மறுநாளிலிருந்து ஊசி போட வந்தவர்கள், கட்டுப் போட வந்தவர்கள், சும்மா எடை பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும், "இந்தத் தடவை சீட்டைக் காட்டக் கூடாது. உள்ளயே மடிச்சுடணும்" என்று சொன்னாள். நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"எங்களுக்குத் தெரியாதாக்கா? உங்களைத் தவிர வேற யாருக்கும் காட்டமாட்டோம்."

"எனக்கும் காட்டக் கூடாது."

"சரிக்கா, சரிக்கா" என்று சிரித்துக்கொண்டே போவார்கள். சர்க்கார் ஊழியர் வாயால் அப்படிச் சொல்லித்தானே ஆகவேண்டும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தேர்தல் நாளன்று சாவடிக்குள் மூன்று பேருக்கு பெஞ்சு போட்டிருந்தார்கள். வேட்பாளர்களின் ஏஜெண்டுகளுக்கு. மருமகனுக்கு ஏஜெண்டு மருந்துக்கடைக்காரர். என் வீட்டுக்காரருக்கு நான். நடுவில் யாரோ ஒரு சுயேச்சையின் மைத்துனன், அவன் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டான்.

இரவு ஷிப்ட் முடிந்த மில்காரர்கள் முதலில் வந்தார்கள். எல்லாம் எங்கள் ஆட்கள். முதலில் வந்தவர் பாய்லரில் தம்பியைப் பறிகொடுத்த தறிக்காரர். திரைக்குப் பின்னாலிருந்து வரும்போதே முகமெல்லாம் பல். நேராக மேஜைக்கு வந்தார், சீட்டை விரித்தார், "பாருங்க ஊசியக்கா, இந்தத் தடவை பயமில்லாம குத்திட்டேன்" என்றார்.

"ஆட்சேபம்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

மெதுவாகத்தான் சொன்னார். எழுந்திருக்கக்கூட இல்லை. விதிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மடித்தே வைத்திருந்தார். அவர் அன்று ஏன் எழுந்து அவளைப் புகழ்ந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேறு எந்த அதிகாரி அந்த மேஜையில் இருந்தாலும் எங்கள் ஜனங்கள் சீட்டை மடித்துக்கொண்டு பேசாமல் போட்டிருப்பார்கள். ஊசியக்கா இருந்தால்தான் காட்டுவார்கள். பாவி, எங்களை எங்களைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தான்.

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. சீட்டை வாங்கினாள். செல்லாது என்ற முத்திரையை எடுத்துக் குத்தித் தனி உறையில் போட்டாள். தறிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னக்கா, தப்பாக் குத்திட்டேனா?" என்றார்.

"காட்டக் கூடாதுன்னு சொன்னேனே" என்றாள்.

அடுத்து வந்தவரும் காட்டினார். அடுத்தவரும். இவள் முகத்தைத் திருப்பினாள், அவர்கள் மேஜையைச் சுற்றிவந்து மறுபக்கமாகக் காட்டினார்கள். கண்ணை மூடிக்கொண்டாள், "அக்கா, தூங்கிட்டீங்களா?" என்று தோளைத் தட்டி எழுப்பிக் காட்டினார்கள். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அதிகாரியின் வேலை, திருப்பக் கூடாது என்று அதற்கும் மருந்துக்கடைக்காரர் ஆட்சேபம் சொன்னார். வேறு சமயமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

பொறுக்க முடியாமல் நான் எழுந்து வாசலுக்கு ஓடினேன். "யாரும் காட்டாதீங்க! உள்ளயே மடிங்க!" என்று வரிசையைப் பார்த்துக் கத்தினேன். ஏஜெண்டு வாக்காளரிடம் பேசக் கூடாது என்று போலீஸ்காரர் என்னைக் கையைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து உட்காரவைத்தார். நான் கத்தியது நல்லதாவது செய்ததா? அதுவும் இல்லை. வரிசையில் பேச்சு வேறு மாதிரி பரவியது. "உள்ள ஊசியக்காவே சீட்டைப் பிடுங்கறாங்களாம், பெரியவர் ஆளுங்க பக்கத்துலயே உக்காந்திருக்காங்களாம்" என்றார்கள். பழைய காலம் திரும்பிவிட்டது என்று வயசானவர்கள் பாதி வழியிலேயே வீட்டுக்குத் திரும்பினார்கள். திரும்பாதவர்கள் பயந்துகொண்டே வந்து, தப்பாகக் குத்திவிடவில்லை என்று நிரூபிக்க இன்னும் அகலமாக விரித்துக் காட்டினார்கள்.

மருமகனுக்குக் குத்தியவர்களில் சிலரும் காட்டினார்கள். ஆட்சேபம் என்று நானும் தொண்டை கிழியக் கத்தினேன். அவற்றையும் அண்ணி முத்திரை போட்டு உறையில் போட்டாள். ஆனால் அவை கொஞ்சம்தான். மருந்துக்கடைக்காரர் தன் ஆட்களுக்கு வீடு வீடாகப் போய்ப் பழைய காகிதத்தில் மடிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

வெயில் ஏறிய பிறகு என் வீட்டுக்காரர் வந்தார். நகரத்துச் சாவடிகளைச் சுற்றிவிட்டு வந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு. எனக்குப் பேச அனுமதி இல்லை. கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், கையைப் பிசைந்தேன். ஓட்டுப் போடுகிற சந்தோஷத்தில் பொண்டாட்டி முகம் எவன் கண்ணில் படும்? திரைக்குப் பின்னால் போனார், வந்தார், அக்காவின் மூக்குக்கு நேராகச் சீட்டை நீட்டினார்.

"என் பேர்ல நானே குத்தியிருக்கேன். பாருக்கா!"

கேமராக்கள் பளிச்சிட்டன. மருந்துக்கடைக்காரர் இந்தத் தடவை எழுந்து நின்றே சொன்னார். அண்ணி தம்பியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, "நான் பார்க்கல" என்று சொல்லியிருக்கலாம். கை நீட்டிச் சீட்டை வாங்கினாள். மற்றவர்களுக்குக் குத்திய அதே இடத்தில் முத்திரையைக் குத்தினாள். அவர் அப்போதுதான் உறையைப் பார்த்தார். அது பிதுங்கிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் அவர் என்னைத் திட்டவில்லை, அக்காவையும் திட்டவில்லை. "விதி சரியான விதிதான்" என்றார். எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது.

தோற்றோம். மருமகன் கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த உறைக்குள் இருந்தவையும் பாதி வழியில் திரும்பிப்போனவர்களும் சேர்ந்திருந்தால் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குத் தெரியாதா?

வக்கீல் ஒரு வழி சொன்னார். தேர்தல் செல்லாது என்று மனுப் போட்டால் விசாரணை முடிகிறவரை ஜாமீன் நீடிக்கும். மருந்துக்கடைக்காரரோ அவர் ஆட்களோ வரிசையில் நின்றவர்களிடம் சீட்டைக் காட்டச் சொல்லித் தூண்டினார்கள் என்று சாவடி அதிகாரி சாட்சி சொன்னால் போதும். அந்தச் சாவடிக்கு மறுபடி ஓட்டு நடக்கும். மறுபடி நடந்தால் ஒருத்தரும் காட்டமாட்டார்கள், நாங்கள் ஜெயிப்போம். எல்லாம் அவள் வாயில் இருந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் சுகாதார நிலையத்துக்குப் போனேன். தடுப்பூசி நாள். கைக்குழந்தைகள் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தன. அவள் பஞ்சு நனைத்துத் துடைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணி, நாளைக்கு ஒரே ஒரு பொய். அவரு காட்டச் சொன்னாருன்னு சொல்லுங்க."

"அவரு சொல்லலையே."

"சொல்லல. ஆனா அதுக்குத்தானே உங்களைப் போடச் சொன்னான்? உங்க கையைக் கொண்டே நம்ம கண்ணைக் குத்திட்டானே!"

"அது அவன் மனசுல இருந்தது. வாயால யார்கிட்டயும் சொல்லல. ஜனங்க தானாத்தான் காட்டினாங்க." அடுத்த குழந்தையின் சட்டைக் கையை ஏற்றினாள். "வலிக்கும், ஒரு நிமிஷம்தான்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "இத்தனை வருஷம் அந்த மேஜையில உக்காந்து பொய்யாத்தானே தலையாட்டினீங்க? ஊர்ல இருக்கறவன், போறவனுக்கெல்லாம் பொய் சொன்னீங்க. கூடப் பிறந்தவனுக்கு ஒண்ணு சொல்ல வராதா?"

அவள் கை நின்றது. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"அப்ப நடந்த ஓட்டே பொய். பொய்க்குப் பொய் சொன்னேன், மனசு உறுத்தல. இது நிஜ ஓட்டும்மா. இதுலயும் நான் பொய் சொன்னா, அப்புறம் எது நிஜம்?"

"உங்க தம்பி ஜெயிலுக்குப் போறது நிஜம்" என்றேன். குழந்தைகளின் அம்மாக்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று ஓவென்று அழுதேன். அவளும் அழுதாள். அழுதுகொண்டே அடுத்த குழந்தைக்கு ஊசி போட்டாள், கை நடுங்கவில்லை.

விசாரணை நகராட்சிக் கட்டிடத்தின் மாடியில் நடந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் உட்கார்ந்திருந்தார். நானும் என் வீட்டுக்காரரும் ஒரு பக்கம், மருந்துக்கடைக்காரர் மறுபக்கம். அண்ணி சலவைப் புடவையில் வந்து நின்றாள்.

"சீட்டைக் காட்டும்படி வாக்காளர்களை யாராவது தூண்டினார்களா?"

"இல்லைங்கய்யா."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். அத்தோடு விட்டிருந்தால்கூடப் போயிருக்கும். நீதிபதி, "பிறகு ஏன் காட்டினார்கள்?" என்றார்.

"பழக்கங்கய்யா."

"என்ன பழக்கம்?"

சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. திரை, மேஜை, தலையாட்டு, இருமல் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். நீதிபதிக்குமே தெரியும், அவரும் அந்தக் காலத்தில் ஓட்டுப் போட்டவர்தானே! ஆனால் அதை வாய் திறந்து சொன்னவர் அதுவரை ஒருத்தரும் இல்லை. எல்லோரும் குனிந்துகொண்டார்கள்.

"அப்போது வாக்காளர்களின் சீட்டை நீங்கள் பார்த்தீர்களா?"

"பார்த்தேங்கய்யா."

"ஒவ்வொரு தேர்தலிலுமா?"

"ஆமாங்கய்யா."

நீதிபதி எழுதிக்கொண்டார். மனு தள்ளுபடி. கூடவே இன்னொன்று: வாக்கு ரகசியத்தை மீறியதாக அதிகாரி தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதால் அவர்மீது நடவடிக்கை எடுக்கவேண்டும்.

இருமினவர்கள் இருந்தார்கள். வாசலில் நின்றவர்கள் இருந்தார்கள். மேலே உட்கார்ந்து இல்லைகளை ஆம்களாக மாற்றியவர்கள் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் புதுச் சபையில் உறுப்பினர்கள். பெரியவர் காலத்துத் தேர்தல் மோசடிக்காக இந்த நாட்டிலேயே தண்டனை வாங்கிய ஒரே ஆள் என் நாத்தனார். வேலை போனது. பென்ஷன் போனது. பழைய தவறுகளைக் களைகிறோம் என்று மருமகன் டிவியில் பேசினார். அதே டிவிதான்.

என் வீட்டுக்காரரை விசாரணை நடந்த அன்று மாலையே வந்து கூட்டிப்போனார்கள். செருப்பை மாட்டிக்கொண்டே, "அக்காவைப் பாத்துக்க" என்றார். வாசலை விட்டு இறங்கும்போது அவர் சொன்ன கடைசிப் பேச்சு என்னைப் பற்றி இல்லை.

வேலை போனதும் குவார்ட்டர்சைக் காலி செய்யச் சொன்னார்கள். ஒரு இரும்புப் பெட்டியோடு என் வாசலில் வந்து நின்றாள். துரத்த எனக்கு வாய் வரவில்லை. கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அன்றிலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறாள். சமைத்து வைப்பாள், நான் வேலைக்குப் போய்வந்து தின்பேன். தேவைக்குப் பேசுவோம். தெருக்காரர்கள் யாரும் இப்போது அவளிடம் வருவதில்லை. அவர்களுக்கு அவள்மேல் கோபம்கூட இல்லை. தாங்கள் காட்டியதால்தான் எல்லாம் ஆனது என்று அவர்களுக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சம்.

ஜெயிலில் புது நிர்வாகம், புது விதி. மாதம் ஒரு முறை, கைதிக்கு ஒரே பார்வையாளர். யார் என்று முதல் தடவை பதிவதுதான், மாற்ற வேண்டுமானால் பதிந்தவரே எழுதிக் கொடுக்கவேண்டும். என்னைப் பதிந்துகொண்டேன். அவள் ஒவ்வொரு தடவையும் கூடவே பஸ் ஏறி வருவாள். அவருக்கு வேண்டிய மாத்திரைகளைப் பொட்டலம் கட்டி என்னிடம் கொடுத்துவிட்டு எதிரே இருக்கும் சைக்கிள் கடை நிழலில் நின்றுகொள்வாள்.

போன மாதம் கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் இருமிக்கொண்டே வந்தார். ரொம்ப இளைத்திருந்தார். நான் வீட்டு நடப்பைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தி, "அக்கா வந்திருக்காளா?" என்றார்.

"வெளிய நிக்கிறாங்க."

"அடுத்த மாசம் அவளை அனுப்பேன். ஒரே ஒரு தடவை. அவ மேல எனக்குத் துளி வருத்தம் இல்லன்னு நானே அவகிட்ட சொல்லணும். அவ அதையே நினைச்சுக்கிட்டு இருப்பா. அவளை எனக்குத் தெரியும்."

"பாக்கலாம்" என்றேன்.

வெளியே வந்தேன். அவள் நிழலை விட்டு வெயிலுக்கு ஓடிவந்தாள். எப்போதும் உடம்பு எப்படி இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறானா என்றுதான் கேட்பாள். அன்று என்ன தோன்றியதோ, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டானாம்மா?"

"இல்ல, கேக்கல" என்றேன்.

தலையாட்டினாள். இருவரும் பஸ்ஸுக்கு நடந்தோம்.